அடுத்த எழுத்தில் சேர்ந்துகொள்வோம்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கூரைக் கொட்டகையில், ஒரே ஒரு குண்டு பல்பின் வெளிச்சத்தில், பதினொரு பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்தத் தொடங்கிய சங்கம் இது. இன்று வெள்ளி விழாக் காண்கின்றது. இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தபோது, "வெளிநாடு சென்று வந்தீர்களே, அதைப்பற்றி நம் இளைஞர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார்கள். லண்டன் மாநகரின் மாளிகைகளைப் பற்றி நாங்கள் பேசப்போவதில்லை. அவற்றைப் பேசுவதற்கு வேறு பலர் உளர். அந்நாட்டில் ஒரு வாரம் நாங்கள் மாணவர்களாய் அமர்ந்திருந்த செய்தியை மட்டும் சொல்லப்போகிறோம். 'நாங்கள்' என்று கூறுவது, தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் எம் துணைவியாரையும் சேர்த்துத்தான்.

நாங்கள் சென்றது ரிக்கார்டர் வாசிப்போருக்கான கோடைக்காலத் தங்கும் பயிற்சி. ரிக்கார்டர் என்றவுடன் உங்களுக்கு ஒலிப்பதிவுக் கருவிதான் நினைவிற்கு வரும். இது அதுவன்று. இது ஒரு குழல். நம் புல்லாங்குழலைப் பக்கவாட்டில் பிடித்து ஊதுகிறோம். இதனை நாதசுரம்போல் நேராகப் பிடித்து ஊதவேண்டும். வாய்வைக்கும் முனையில் ஒரு மரக்கட்டை அடைக்கப்பட்டு, அதன்மேல் மூச்சுச் செல்ல ஒரு குறுகிய வழி விடப்பட்டிருக்கும். திருவிழாக் கடைகளில் நம் பிள்ளைகள் வாங்கி ஊதும் மூங்கில் ஊதலின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. முன்புறம் ஏழு துளைகள். பின்புறம் பெருவிரலுக்கு ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஒரு பாட்டை நினைவில் நிறுத்தித் திரும்பத் திரும்பப் பயிலுதல் என்று பொருள். நினைவுகூர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாம் அது.

இக்கருவி ஒரு காலத்தில் அரசர்களின் கருவியாக இருந்தது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1547ஆம் ஆண்டு மறைந்தபின் எடுக்கப்பெற்ற உடைமைப் பட்டியலில் 76 ரிக்கார்டர்கள் காணப்படுகின்றன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இக்குழல் மேடைக்கே வருகின்றது. பாக், ஹேண்டல், விவால்டி போன்ற பெரும் இசையறிஞர்கள் இதற்காக இசை எழுதினர். ஆயினும் 18ஆம் நூற்றாண்டில் பக்கவாட்டுக் குழல் செல்வாக்குப் பெற்றது; பெரிய அரங்குகளுக்கு இதன் மெல்லிய ஓசை போதவில்லை; ரிக்கார்டர் மறக்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உறங்கிற்று.

அதனை எழுப்பியவர்களுள் தலையாயவர் ஆர்னால்டு டோல்மெட்ச் என்பார். பிரான்சில் 1858இல் பிறந்து, இங்கிலாந்தில் ஹாசில்மியர் என்னும் ஊரில் குடியேறியவர். பழைய இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பதும் புதிதாய்ச் செய்வதும் அவர் தொழில். 1905ஆம் ஆண்டு பழைய ரிக்கார்டர் ஒன்றை விலைக்கு வாங்கினார். 1919இல், லண்டன் வாட்டர்லூ இரயில் நிலையத்தில், அவருடைய இளைய மகன் கார்ல் அக்கருவியிருந்த பையை மறந்து விட்டுவிட்டான். தேடியும் கிடைக்கவில்லை. தந்தை தாம் முன்னரே எடுத்துவைத்திருந்த அளவுகளைக் கொண்டு தம் கையாலேயே ஒரு புதிய ரிக்கார்டரைச் செய்தார். தொலைந்துபோனது ஒன்று, அதனால் உலகிற்குக் கிடைத்தவை இலட்சக்கணக்கில். பின்னர் 1930களில் எட்கர் ஹன்ட் முதலியோர் அதனைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுசென்றனர். 1937இல் ரிக்கார்டர் வாசிப்போருக்கென ஒரு சங்கமும் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கியதும் அது ஏழைப் பிள்ளைகளின் கைக்கும் எட்டியது. மன்னரின் பெட்டகத்திலிருந்த கருவி, தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் வந்துவிட்டது.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். எங்கள் மகள் இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரிகிறார். ஏழு வயதுப் பேரனுக்குப் பள்ளியில் ரிக்கார்டர் கற்பித்தார்கள். விடுமுறையில் இங்கு வந்தபோது அவனுடைய குழலை நாங்கள் விளையாட்டாய் வாங்கி ஊதினோம். அவனோ விடவில்லை. ஐந்து கோடுகளின்மேல் புள்ளியிட்டு எழுதும் மேனாட்டு இசைக்குறிப்பைக் காட்டி, "தாத்தா, இது என்ன எழுத்து? பாட்டி, நீங்கள் சொல்லுங்கள்" என்று வினவினான். எங்களால் படிக்க இயலவில்லை. அன்பர்களே, முப்பது ஆண்டுகள் பிறருக்கு எழுத்தறிவித்த நாங்கள், ஐம்பது வயதிற்குமேல் மீண்டும் எழுத்தறியாதவர்களானோம். வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. இரண்டாண்டுகள், பள்ளி முடிந்த மாலை வேளைகளில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழலோடு நாங்களே முயன்று கற்றோம். அதனையறிந்த மகள், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் எங்களை அழைத்து, ஒரு வாரத் தங்கும் பயிற்சிக்குத் தாமே கட்டணமும் செலுத்தினார். அவர்களுடைய கோடை விடுமுறை நம் பள்ளிகள் நடக்கும் காலமாகையால், ஈட்டிய விடுப்பிற்கு விண்ணப்பித்து, துறையின் தடையின்மைச் சான்றும் பெற்றே புறப்பட்டோம்.

அப்பயிற்சிக்கான விண்ணப்பப் படிவத்தை நாங்கள் இன்றும் வைத்திருக்கிறோம். எத்தனை ஆண்டுகளாக வாசிக்கிறீர்கள்? எந்த அளவுக் குழல்களை வாசிப்பீர்கள்? உங்கள் பகுதியை வேறொருவர் துணையின்றித் தனியே வாசிக்க இயலுமா? இவையே அதில் இருந்த கேள்விகள். தந்தையின் தொழில் என்ன என்று ஒரு கட்டம் அதில் இல்லை. அது இல்லாமை எங்கள் கண்ணில் ஏன் பட்டது என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

பயிற்சி நடந்தது ஒரு கல்லூரியின் மாணவர் விடுதியில். அறுபதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர். கடிதம் பட்டுவாடா செய்பவர் ஒருவர். எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவர். கல்லூரி மாணவர் சிலர். தட்டை ஏந்தி எல்லோரும் ஒரே வரிசையில் நின்று உணவு பெற்றோம். இதைக்கொண்டு அந்நாடு சமத்துவத்தின் சொர்க்கம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கட்டணம் செலுத்த வல்லவர்களே அங்கு வருகிறார்கள் என்பதை மறக்கலாகாது. ஆயினும் கற்றுக்கொள்ளும் முறையில் அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை உள.

காலை ஒன்பது மணிக்கு அனைவரும் ஒன்றுகூடி மூச்சுப் பயிற்சியும் நீண்ட சுரப் பயிற்சியும் செய்வோம். பின்னர்த் திறமைக்கேற்ற சிறு குழுக்களாகப் பிரிந்து செல்வோம். வயதிற்கேற்றன்று, பதவிக்கேற்றன்று, திறமைக்கேற்ப மட்டுமே. மாலையில் மீண்டும் அனைவரும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிப்போம். இரவில் ஆசிரியர்கள் வாசிக்க நாங்கள் கேட்போம்.

ரிக்கார்டர் ஒரே அளவினதன்று. சிறியது டெஸ்கண்ட், அதனினும் பெரியது டிரெபிள், அடுத்தது டெனார், அதற்கடுத்தது பாஸ். ஆள் உயரத்திற்கு நிற்கும் பெருங்குழல்களும் உண்டு. ஒரே பாட்டை எல்லோரும் ஒன்றுபோல் வாசிப்பதில்லை. ஒவ்வோர் அளவிற்கும் ஒரு தனிப்பகுதி. எல்லாம் கூடினால்தான் பாட்டு. பாஸ் வாசிப்பவருக்கு ஒரு பாட்டு முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு சுரங்களே இருக்கலாம். அவர் வாய்மூடியிருந்தால் மேலே பறக்கும் சிறு குழல் கால் ஊன்ற இடமின்றித் தவிக்கும். மற்றொன்றும் கண்டோம். இக்குழலை வலிந்து ஊதினால் ஓசை பெருகுவதில்லை. சுருதி ஏறிப் பிசகிவிடுகிறது. பிறரை அமுக்கித் தான்மட்டும் ஒலிக்க நினைப்பவனை இக்கருவியே காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் இருவரும் கடைசிக் குழுவில் அமர்த்தப்பட்டோம். மூன்றாம் நாள் ஆசிரியை எம் துணைவியாரை அழைத்து, அடுத்த குழுவிற்குச் செல்லுமாறு கூறிவிட்டார். தலைமையாசிரியர் மட்டும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கப்பட்டார். (சிரிப்பு) சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் பெயருக்கு எதிரே "தேர்ச்சி இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம்! அந்தக் கையெழுத்தின் மறுபக்கம் எப்படியிருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

நிறுத்திவைக்கப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. முந்தைய நாள் மாலை, அறுபது பேர் கூடிய பெருங்கூட்டத்தில், ஒரு பாட்டின் நடுவே எங்கே வாசிக்கிறோம் என்பதைத் தவறவிட்டோம். எண்ணிக்கை பிசகிற்று. சுற்றிலும் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தாளின்மேல் உள்ள புள்ளிகள் எதுவும் காதில் விழுவதோடு பொருந்தவில்லை. குழலை மடியில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து அமர்ந்துவிட்டோம். பாட்டு முடிந்தது. வழிநடத்திய ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் தாளைத் தொட்டுக் காட்டினார். கோடுகளுக்குமேலே, கட்டத்திற்குள், பெரிதாக ஏ, பி, சி என்று எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. "தவறிவிட்டால் குழலைக் கீழே வைக்காதீர்கள். எண்ணிக்கொண்டே இருங்கள், மற்றவர்களைக் கேளுங்கள். அடுத்த எழுத்து வரும்போது நான் தலையசைப்பேன். அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சேர்ந்தோம்" என்றார்.

அன்பார்ந்த இளைஞர்களே! அந்த எழுத்துகள் எதற்காக இருக்கின்றன? இடையில் நிறுத்தி மீண்டும் தொடங்குவதற்காக. யாரேனும் தவறுவார்கள் என்பதை எதிர்பார்த்தே அவை அச்சிடப்பட்டிருக்கின்றன. தவறியவன் வெளியேற்றப்படுவதில்லை, அவன் திரும்பி வரும் இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு மாணவன் நினைவிற்கு வந்தான். தந்தைக்கு உடல்நலமில்லை, அவன் செங்கற்சூளைக்குச் சென்றுவிட்டான். நாங்கள் ஒருமுறை வீட்டிற்குச் சென்று பார்த்தோம், கதவு பூட்டியிருந்தது. நீண்ட நாள் வாராமையால் பெயரை நீக்கினோம். ஆனால், "தம்பி, இது முடிவன்று, அடுத்த எழுத்து ஒன்று உண்டு, தனித்தேர்வராக எழுதலாம், துணைத்தேர்வு எழுதலாம், நாங்கள் தலையசைக்கிறோம்" என்று அவனிடம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இத்தனைக்கும் நாங்களே பி.ஏ. பட்டத்தை அஞ்சல்வழிக் கல்வியில் பெற்றவர்கள். நாங்களே இடையில் தவறி, அடுத்த எழுத்தில் சேர்ந்தவர்கள்!

இனி, முன்னர்ச் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும்.

நான்காம் நாள் காலை குளிராக இருந்தது. "குளிர்ந்த கருவியை எடுத்த எடுப்பில் வாசிக்காதீர்கள், சுருதி இறங்கியிருக்கும். அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்" என்றார் ஆசிரியை. அறுபது பேரும் குழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தோம். அப்போது வைக்கோல் எரியும் மணம் எங்கள் நினைவில் எழுந்தது. எங்கள் தந்தையார் பறை அடித்தவர். அடிப்பதற்குமுன் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தி, அத்தீயில் பறையைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். "தோலுக்குச் சூடு ஏறினாத்தான்டா அது பேசும்" என்பார்.

அது பேசிற்று. ஆனால் யாருக்காகப் பேசிற்று? ஊர்த்தெருவில் இழவு விழுந்தால் நள்ளிரவிலும் ஆள் வரும். உடல்நலமில்லை என்று சொல்ல முடியாது. விருப்பமில்லை என்று சொல்லவே முடியாது. கூலி என்று பேரம் கிடையாது. அறுவடைக் களத்தில் அவர்கள் அளந்ததுதான். பிள்ளைகளாகிய எங்களை அவர் அக்கருவியைத் தொடவே விடவில்லை. தொட்டால் கை பழகும். கை பழகினால் ஊர் கூப்பிடும் என்று அஞ்சினார். நாங்கள் விடுதியில் சேர்ந்தபோது, படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் "விவசாயக் கூலி" என்று எழுதினோம். அது பொய்யன்று; ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை மறைத்தே படித்தோம். மறைத்தே வேலைக்கு வந்தோம். அவர் மறைந்து பல ஆண்டுகளாயின. ஏழு கடல் தாண்டிச் சென்று மேனாட்டார் குழலைக் கற்ற எங்கள் கைகளுக்கு, தந்தையார் கையிலிருந்த ஓர் அடிகூடத் தெரியாது. பறை தமையனார் வீட்டுப் பரணில் இருக்கிறது, தோல் போய்விட்டது, வேப்பஞ்சட்டம் மட்டும் மிஞ்சியுள்ளது.

அதற்காகத் தந்தையாரை நாங்கள் குறை கூறவில்லை. அவர் செய்தது சரி. 1927ஆம் ஆண்டு மகாடு மாநாட்டில், நம்மை இழிவுசெய்யும் பழக்கங்களையும் ஊழியங்களையும் கைவிடுங்கள் என்று அறிவர் அம்பேத்கர் அறிவுறுத்தியதும் இக்காரணம் பற்றியே. ரிக்கார்டருக்கும் பறைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ரிக்கார்டர் மறக்கப்பட்டது, அவ்வளவே. அதை வாசி என்று யாரையும் யாரும் பிறப்பைக் காட்டிக் கட்டாயப்படுத்தவில்லை. பறையில் இழிவு தோலிலோ சட்டத்திலோ இருக்கவில்லை, கட்டாயத்தில் இருந்தது. கட்டாயத்தை ஒழித்துவிட்டு, விரும்பியவன் விரும்பிய இடத்தில் தலைநிமிர்ந்து அடித்தால் அது கலை. இன்று எத்தனையோ மேடைகளில் நம் இளைஞர்களும் இளம்பெண்களும் அதை அவ்வாறே அடிக்கின்றனர். மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

பயிற்சியின் இறுதி இரவில் ஒவ்வொரு குழுவும் மேடையேறியது. எங்கள் கடைசிக் குழுவின் பாட்டு மூன்று நிமிடம்தான். நடுவில் நாங்கள் மீண்டும் தவறினோம். குழலை மடியில் வைக்கவில்லை. எண்ணினோம், காதுகொடுத்துக் கேட்டோம், எழுத்து வந்தது, ஆசிரியை தலையசைத்தார், சேர்ந்துகொண்டோம். மற்றவர்களோடு சேர்ந்தே முடித்தோம். கூட்டத்தில் கைதட்டிய எம் துணைவியாருக்கு நாங்கள் தவறியதே தெரியவில்லையாம்.

இவ்வெள்ளி விழா ஆண்டில் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வரும் மே மாதத்தில் பத்து நாள் தங்கும் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தவேண்டும். ஆங்கிலமும் கணக்கும் அங்குக் கற்பிக்கப்படட்டும். வகுப்பை வயதுகொண்டு பிரிக்காமல், திறமைகொண்டு பிரியுங்கள். நாற்பது வயதுத் தாயும் பதினான்கு வயது மகளும் ஒரே வரிசையில் அமரலாம், தாயைவிட மகள் முன்னேறலாம், அதில் வெட்கமில்லை. அறிவர் அம்பேத்கர் தம் வாழ்வின் பிற்பகுதியில் ஆசிரியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். அவருக்கில்லாத வெட்கம் நமக்கெதற்கு?

இரண்டாவது, படிப்பை இடையில் விட்ட நம் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதுவோம். பள்ளி நீக்கிய பெயர்களைச் சங்கம் நீக்கலாகாது. அவர்களுக்கு அடுத்த எழுத்து எது என்று கண்டு, தேர்வுக் கட்டணத்தைச் சங்கம் ஏற்று, வீட்டிற்கே சென்று தலையசைப்போம். அப்பதிவேட்டின் முதல் பெயரை, அந்தச் செங்கற்சூளை மாணவனின் பெயரை, நாங்களே எழுதுகிறோம். அவனைத் தேடிச் செல்லும் பொறுப்பும் எங்களுடையது.

மூன்றாவது, அம்முகாமின் மாலை வேளைகளில் பறையும் கற்பிக்கப்படவேண்டும். ஆண், பெண் யாரும் கற்கலாம், எச்சமுதாயத்தாரும் வரலாம். கற்றவர் எவரையும் எந்த ஊரும் எந்தச் சாவிற்கும் கட்டாயமாய் அழைக்கலாகாது என்பதை முதல் விதியாக எழுதிவையுங்கள். தந்தையாரின் சட்டத்திற்குப் புதுத்தோல் கட்டக் கொடுத்திருக்கிறோம். அதனை எடுத்துக்கொண்டு, மே மாதம் கடைசி வரிசையில் மாணவராய் வந்து அமரப்போகிறோம். எங்களைவிட இளையவர் எவர் கற்பித்தாலும், அவர் எங்களுக்கு ஆசிரியரே.

தோழர்களே, இங்கே தேர்வில் தவறியவர்கள் இருப்பீர்கள். வேலை கிடைக்காமல் சோர்ந்தவர்கள் இருப்பீர்கள். படிப்பு நம்மை விட்டு ஓடிவிட்டது என்று எண்ணுவோர் இருப்பீர்கள். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடாதீர்கள். எண்ணிக்கொண்டே இருங்கள். அடுத்த எழுத்து வருகிறது. தலையசைக்க நாங்கள் இருக்கிறோம்.